பனியனோடு போன மெட்டல் கச்சேரி

அந்த நாய் நேராக வந்து மாரீஸின் முன்னால் உட்கார்ந்தது.

குரைக்கவில்லை, உறுமவில்லை. அவன் முழங்காலை ஒரு தடவை மோந்தது. சட்டையின் கீழ் விளிம்பை மோந்தது. பிறகு அடக்கமாக உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்திருந்த ஏட்டையாவின் முகத்தைப் பார்த்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற கோயம்புத்தூர்ப் பையன்கள், "எவ்ளோ சமத்து பாருங்க" என்று கொஞ்சினார்கள்.

வெடிமருந்து மோப்பம் பிடிக்கும் நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நாய் இப்படி உட்காரும். உடனே யாராவது ஒருவருடைய பெட்டி திறக்கப்படும். அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஒளித்து வைத்த மத்தாப்பும் புஸ்வாணமும் வெளியே வரும். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி.

"தம்பி, கொஞ்சம் ஓரமா வாங்க" என்றார் ஏட்டையா.

எனக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது. "எதுக்குண்ணே? என்ன தப்பு பண்ணிட்டோம்?" என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். நாய் என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து வந்து என் முன்னாலும் உட்கார்ந்தது.

கூட வந்த மூன்றாவது ஆள் பால்பாண்டி. அவனை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "என்னைய ஒரு மனுசனாவே மதிக்கலயேலே" என்று இன்றைக்கும் குறைப்படுவான்.

முள்ளுக்காட்டில் ஒரு திருவிழா

தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனியைப் பூட்டும் நாளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்கு அடுத்து வந்த லீவில் நடந்தது. அந்த லீவில் சிவகாசியே காலியாகிவிடும். வேன் பிடித்துக் குற்றாலம், மூணாறு, ஆலப்புழை என்று கிளம்பிவிடுவார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் விருதுநகரைத் தாண்டி, மதுரை போகும் நாலுவழிச் சாலை ஓரத்தில் இருந்த ஒரு முள்ளுக்காட்டுக்குப் போனோம்.

கட்சி மாநாடு, பொருட்காட்சி என்றால் அந்த இடத்தில்தான் கருவேல முள்ளை வெட்டிப் பந்தல் போடுவார்கள். அந்த வருஷம் மதுரைப் பையன்கள் சிலர் சேர்ந்து அங்கே ராக், மெட்டல் இசைத் திருவிழா ஒன்றை நடத்தினார்கள். சென்னையில், பெங்களூரில் நடந்தால் செய்தியில் படித்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். நம் வாசலுக்கே வந்திருக்கிறது, விடுவோமா?

சித்தப்பாவிடம் ஒரு வீடியோவைக் காட்டி, இதற்குத்தான் போகிறோம் என்றேன். முடியை விரித்துப் போட்டுத் தலையைச் சுழற்றும் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இவுக சாமி ஆடுதாகளா, அடிச்சுக்கிடுதாகளா?"

"பாட்டு கேக்காக சித்தப்பா."

"இதுக்கா துட்டு குடுத்துப் போறீக?" என்று சொல்லிவிட்டு ஆலப்புழைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

திருவிழா நடந்த வாரம் வேலைவெட்டி இல்லாத யாரோ ஒருவன் வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பியிருக்கிறான். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும்கூட வருகிறதே, அந்த மாதிரி ஒன்று. அதனால் வந்ததுதான் அந்த நாய்.

மெமரி கார்டு

நாங்கள் மூவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். மாரீஸ்வரன்தான் மாரீஸ். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மாரீஸ்வரன் இருப்பார்கள். எங்கள் மாரீஸ் ஒல்லியானவன், அதிகம் பேசமாட்டான், பிடிவாதக்காரன். நான் விஸ்வநத்தத்தில் சித்தப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவனும் அங்கேதான் வேலை பார்க்கிறான். பால்பாண்டிக்குத் திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மக்காச்சோளக் காட்டில் நிற்பான்.

இந்த இசை எங்களிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு செல்போன் கடைக்காரரின் அவசரம்தான் காரணம். மாரீஸ் தன் மெமரி கார்டில் சினிமாப் பாட்டு ஏற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் வேறு எவனோ கேட்டு வைத்திருந்ததை இவனுக்கு ஏற்றிவிட்டார். காலேஜ் பஸ்ஸில் இயர்போனின் ஒரு காதை எனக்குக் கொடுத்தான்.

"என்னலே இது, பல்லு வலியில எவனோ கத்துற மாதிரி இருக்கு?"

"கத்தலக் கேக்காத. அதுக்கு அடியில டிரம்ஸ் ஓடுது பாரு, அதக் கேளு."

கேட்டேன். சரவெடி கொளுத்தின மாதிரி இருந்தது. சரம் என்றால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இது முடியவே இல்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் மூன்று பேருக்கும் தெளியவில்லை. பால்பாண்டி முருகன் காலண்டரும் லட்சுமி காலண்டரும் ஓட்டிக்கொண்டே காதில் இதைக் கேட்பான். முதலாளிக்குத் தெரியாது. கந்த சஷ்டி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எந்தச் சாமி இது?

சட்டை விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான், பாலியஸ்டர் எதுவும் போடக் கூடாது. உடம்பில் உரசினால் பொறி வரும். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். போன் கேட்டிலேயே தங்கிவிடும். செருப்பும் வெளியே. சுத்தமான பருத்தித் துணிக்கு மட்டுமே அனுமதி.

இசைக்குழுக்களின் பெயர் போட்ட கறுப்பு டீ-ஷர்ட் இருக்கிறதே, அது அசல் பருத்தி. ஆசைப்பட்டு வாங்குவோம். கொஞ்ச நாள் வெளியே போட்டுத் திரிவோம். சாயம் போனதும் அது கம்பெனிக்குப் போடும் துணியாகிவிடும். வெடிக்கு வைக்கும் கருந்திரி செய்யும் அறையில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி அக்காவுக்கு மாரீஸ் தன் பழைய டீ-ஷர்ட் ஒன்றைக் கொடுத்தான். சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்ட அக்கா, நெஞ்சில் இருந்த மண்டையோட்டையும் கொம்பையும் தடவிப் பார்த்து, "எந்தச் சாமி இது? வெள்ளிக்கிழம போடலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டோம்.

இனி, எங்கள் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். திருவிழாவுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். மெட்டல் கேட்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. டீ-ஷர்ட் எவ்வளவு பழசோ அவ்வளவு மதிப்பு. "புதுசு போட்டுட்டுப் போனா நேத்து முளைச்சவன்னு நெனைப்பான்லே" என்றான் பால்பாண்டி. ஆகவே இருப்பதிலேயே பழசை எடுத்தோம். அதாவது நானும் மாரீஸும், சீசன் முழுக்கக் கம்பெனியில் போட்ட டீ-ஷர்ட்டை.

துவைத்திருந்தோம், ஒன்றுக்கு மூன்று தடவை. அலுமினியத் தூள் போய்விடும், மருந்து வாசம் போகாது. அது எங்களுக்குத் தெரியவும் இல்லை. அந்த வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் மூக்கு அதை வாசமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

முழுக்கை

நான் போட்டிருந்தது அரைக்கை. மாரீஸ் போட்டிருந்தது முழுக்கை. அதைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். அவனிடமே கேட்டேன். "எழுதுலே, அழுகாச்சியா எழுதாத" என்றான்.

ஒரு கோடையில், பட்டப்பகலில், மருந்தைச் சின்னச் சின்ன உருண்டையாக்கும் மணிமருந்து அறையில் மாரீஸ் வேலை பார்த்தபோது, அதற்குப் பக்கத்து அறையில் பொறி தட்டியது. அறையில் ஆள் இல்லை, அது எங்கள் நல்ல காலம். மாரீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தீ வந்த வேகத்தில் இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். முகம் தப்பித்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை இரண்டு கைகளும் வெந்துபோயின.

மதுரையில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பிறகு ஆலங்குளத்தில் மாமனார் வீடு. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மருமகனுக்குத் தன் கையால் சோறு ஊட்டினார்.

வேலைக்குத் திரும்பிய மாரீஸ் பேக்கிங்குக்கு மாறினான். மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டைக்கும் மாறினான். அதற்குப் பிறகு அவன் கையை நான்கூடப் பார்க்கவில்லை. சிவகாசி வெயிலில் முழுக்கை. பஸ்ஸில் முழுக்கை. தூங்கும்போதும் முழுக்கை. காரணம் அவன் மகள் ஹரிணி. விபத்து நடந்தபோது கைக்குழந்தை. "பிள்ள பாத்தா பயந்திரும்லே. ஒரு தடவ பயந்துட்டா அப்புறம் எங்கிட்ட வரமாட்டா" என்பான். அவனுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஒரு நாள் அவன் இல்லாத நேரத்தில் அவன் மனைவி செல்வி என்னிடம் சொன்னாள்: "பிள்ளையக் குளிப்பாட்டக்கூட மாட்டேங்காகண்ணே. கையச் சுருட்டி விடணும்ல?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. இவனை எப்படியாவது வெளியே இழுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். திருவிழா அறிவிப்பு வந்ததும் மூன்று டிக்கெட் எடுத்தேன்.

"கூட்டம் ஆகாதுலே எனக்கு" என்றான்.

"நீ வரலைன்னா நாங்களும் போகல. டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுருவேன்."

"கிழி."

கிழிக்கவில்லை. தினமும் பேக்கிங் ஷெட்டுக்குப் போய் நச்சரித்தேன். அவனுக்கு உயிரான பெங்களூர்க் குழு வருகிறது என்றேன். பாலிடெக்னிக் காலத்திலிருந்து அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தானே என்றேன். கடைசியில், "வாறேன். முழுக்கை போட்டுட்டுத்தான் வருவேன். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றான். கறுப்பில் முழுக்கை வைத்த டீ-ஷர்ட் ஒன்று அவனிடம் இருந்தது. சீசன் முழுக்க அதைத்தான் கம்பெனிக்குப் போட்டிருந்தான்.

கூடாரத்துக்குள்

எங்களை அழைத்துப் போன கூடாரத்தில் எஸ்.ஐ. மேடம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில், கைலி, ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.

"எந்த ஊரு?"

"விஸ்வநத்தம் மேடம்."

மேடம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "பட்டாசுக் கம்பெனியா?"

"ஆமா மேடம். நான் போர்மேன். இவரு பேக்கிங்."

"ஏட்டையா, நான் காலையிலயே சொன்னேனா இல்லையா? இந்த ஜில்லாவுல நாயக் கூட்டிட்டு வந்தா பாதி சனத்துக்கு முன்னால உக்காரும்னு?"

"ரோஸி தப்பு பண்ணமாட்டா மேடம்" என்றார் ஏட்டையா, நாயை விட்டுக்கொடுக்காமல்.

"அவ தப்புன்னு யாரு சொன்னா? அவ சரியாத்தான் இருக்கா. நம்ம ஊருதான் இப்படி இருக்கு."

என் அடையாள அட்டையைப் பார்த்தார். சித்தப்பாவுக்குப் போன் போடச் சொன்னார். ஆலப்புழையில் படகுக்குள் இருந்தார் சித்தப்பா. பின்னால் சித்தி பிள்ளைகளை அதட்டும் சத்தம் கேட்டது. "நம்ம பயலுகதான் மேடம். நல்ல பயலுக. ஆனா இந்தக் கச்சேரிக்குப் போகாதன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தார். "சரி. ஆளு மேல சந்தேகம் இல்ல. நீங்க உள்ள போகலாம். சட்டை போகக் கூடாது."

"மேடம்?"

"உள்ள இன்னொரு நாய் சுத்திட்டு இருக்கு. இதப் போட்டுட்டுப் போனீகன்னா அது உங்க முன்னாலயே உக்காந்துக்கிட்டு இருக்கும். மத்த வேலை ஓடாது. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, போறப்ப வாங்கிக்கோங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் உடனே கழற்றினேன். உள்ளே தீபாவளிக்கு எடுத்த புதுப் பனியன். மருந்தின் காற்றுகூடப் படாதது. ரோஸி என் ஜீன்ஸை ஒரு தடவை மோந்துவிட்டு மன்னித்துவிட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். மாரீஸ் தன் சட்டையின் மணிக்கட்டு ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், இவருக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தேன். பால்பாண்டி தன் சட்டையைக் கழற்றி நீட்டினான். அது அரைக்கை. அதைப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? ஏட்டையாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "துண்டு ஒண்ணு இருக்கு, போர்த்திக்கிடுதீகளா தம்பி?" என்றார்.

இத்தனை நாள் அவனை நச்சரித்து இழுத்து வந்தவன் நான். அந்த இடத்தில் எனக்குத்தான் முதலில் தைரியம் போனது. "வேணாம்லே மாரீஸ். வா, வீட்டுக்குப் போயிரலாம். பாட்டுதான, போன்ல கேட்டுக்கிடலாம்" என்றேன்.

வெளியே மேடையில் யாரோ டிரம்ஸைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரீஸ் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அடுத்தது அவுகதான?"

"ஆமா. அதுக்கென்ன..."

"அப்பம் நீ பேசாம இரு."

சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். முழங்கை முழுசாக மடங்காது அவனுக்கு, தலையில் மாட்டிக்கொண்டது. நான்தான் பிடித்து இழுத்துவிட்டேன். உள்ளே அவனுக்கும் அதே தீபாவளிப் பனியன்.

கைகளை நான் பார்த்தேன். வேறு வேறு நிறத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது போல இருந்தது. சில இடத்தில் பளபளப்பு, சில இடத்தில் சுருக்கம். எஸ்.ஐ. மேடம் பார்வையைத் திருப்பவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

"எப்ப ஆச்சு?"

"ரெண்டு வருசம் ஆகப் போகுது மேடம்."

"வெளிய தண்ணி டேங்கர் நிக்கி. ரெண்டு பேரும் கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. ரோஸி இன்னொரு தடவ பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

டேங்கர் நின்றது வரிசைக்குப் பக்கத்தில். உள்ளே போகக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்கும் இடம். நான் அவனுக்கு முன்னால் மறைப்பாகப் போய் நின்றேன். "தள்ளி நில்லுலே, தண்ணி தெறிக்கி" என்று என்னை முழங்கையால் இடித்தான். தோள்வரை சோப்புப் போட்டு, அவசரப்படாமல் கழுவினான். சமத்து நாயைக் கொஞ்சிய கோயம்புத்தூர்ப் பையன்கள் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

ரோஸி வந்தது. மாரீஸ் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஒட்டுப் போட்ட தோலெல்லாம், நிதானமாக மோந்து பார்த்தது. பிறகு அது அவனைத் தாண்டிப் போய், என் பையில் இருந்த கடலை மிட்டாயை மோந்தது.

"போகலாம்" என்றார் ஏட்டையா.

உள்ளே

மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. நடுவில் வெள்ளைப் பனியனோடு இரண்டு பேர். எங்களுக்குக் காவலுக்கு வந்தவன் மாதிரி பால்பாண்டி விறைப்பாக நடந்தான். "இப்பம் தெரியுதாலே, பிரஸ்காரன் எம்புட்டுச் சுத்தம்னு?" நாகர்கோவில் பையன் ஒருவன் ஓடி வந்து, "அண்ணே, பனியன் ஐடியா அடிபொளிண்ணே" என்று கை குலுக்கினான். அவன் குலுக்கியது மாரீஸின் கையை. குலுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு தடவை குலுக்கிவிட்டுப் போனான்.

முதல் பாட்டு முழுக்க மாரீஸ் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். நான் மேடையைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் காத்திருந்த குழு கண்ணெதிரே வாசிக்கிறது, எனக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை.

இரண்டாவது பாட்டில் கூட்டத்தின் நடுவே வட்டமாக இடம் விட்டார்கள். இந்த இசையில் இது ஒரு வழக்கம். விருப்பப்பட்டவர்கள் வட்டத்துக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுற்றுவார்கள். சண்டை கிடையாது. யாராவது விழுந்தால் அத்தனை பேரும் நின்று தூக்கிவிட வேண்டும், அது எழுதாத சட்டம். முந்தின நாள் பெய்த மழையில் தரை உழுத காடு மாதிரி கிடந்தது.

நான் திரும்புவதற்குள் பக்கத்தில் மாரீஸ் இல்லை.

வெள்ளைப் பனியன் வட்டத்துக்குள் போவதைப் பார்த்தேன். ஒரு சுற்று சுற்றினான். அடுத்த சுற்றில் ஒரு தடியன் இடித்தான். பனியன் காணாமல் போனது. நான் கத்திக்கொண்டு ஆட்களைத் தள்ளினேன். அந்தத் தோல் கிழிந்தால் ஆறாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் ஒரே நொடியில் ஞாபகத்துக்கு வந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் அவனைத் தூக்கிவிட்டார்கள். எத்தனை கைகள் என்று எண்ண முடியவில்லை. மணிக்கட்டில் ஒருவன், முழங்கையில் ஒருவன், தோளில் ஒரு பெண். எனக்குத் தெரிந்து, அன்றைக்கு வரை ஆஸ்பத்திரி நர்ஸைத் தவிர யாரும் தொடாத கைகள். இடித்த தடியனே குனிந்து, "ஓகேவா ப்ரோ?" என்று கேட்டு, அவன் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் உள்ளங்கையால் வழித்துவிட்டான்.

மாரீஸ் என்னைப் பார்த்தான். வாயெல்லாம் பல். "எம்புட்டுப் பேருலே தூக்குனாக! புடிச்சது தெரியல, தூக்குனதுதான் தெரிஞ்சுச்சு."

ஒட்டுப் போட்ட தோலுக்கு உணர்ச்சி கிடையாது என்பதை அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. மேடையில் அவர்கள் போட்ட சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. மாரீஸ் திரும்பவும் வட்டத்துக்குள் போய்விட்டான்.

சட்டை

பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினோம். கூடாரத்தைக் காட்டி, "சட்டைய வாங்கணும்ல?" என்றேன்.

"நீ வேணா உன்னத வாங்கிக்கோ" என்றான் மாரீஸ். "என்னத நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

நானும் வாங்கவில்லை. பால்பாண்டி ஒரு வண்டியிலும் நாங்கள் இருவரும் ஒரு வண்டியிலுமாகப் போனோம். பனியனுக்குள் காற்று புகுந்து குளிர்ந்தது. வழியெல்லாம் மாரீஸ் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே வந்தான். விஸ்வநத்தம் திருப்பம் வந்ததும் நிறுத்திவிட்டான்.

அவன் தெரு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஆட்கள். வண்டியிலிருந்து இறங்கினவன் வீட்டைப் பார்த்து நின்றான். "என்னலே?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றான். நானாக இருந்தால் அந்த இடத்தில் திரும்பியிருப்பேன். அவன் நடந்தான்.

வண்டிச் சத்தம் கேட்டு ஹரிணி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் படியில் நின்றாள். பின்னாலேயே வந்த செல்வியும் நின்றாள். மாரீஸ் கைகளைப் பின்னால் கட்டவில்லை. இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நின்றான்.

"அப்பா, சட்ட எங்க?"

"போலீஸ்காரவுக வாங்கி வச்சிக்கிட்டாக தாயி."

"ஏன்? சட்ட என்ன செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல. சும்மா."

அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. படியிலிருந்து இறங்கி வந்து, அவன் முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள், தூக்கச் சொல்லி. அவன் தூக்கினான். ஒட்டுப் போட்ட தோலின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கடலை மிட்டாய் வாங்கி வந்தாயா என்று கேட்டாள்.

மாரீஸ் செல்வியைப் பார்த்தான். "பயப்படலையே?" என்றான்.

"அவ எதுக்குப் பயப்படணும்?" என்றாள் செல்வி. "நீங்க தூங்குனதுக்கப்புறம் பட்டனக் கழட்டி, கைய உள்ள விட்டுத் தடவிக்கிட்டேதான் தினமும் தூங்குதா. பேச ஆரம்பிக்கதுக்கு முன்னாடியிருந்து."

"ஏங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா தூங்காம முழிச்சுக் கிடப்பீக. பிள்ள அப்புறம் எப்படித் தூங்கும்?"

மாரீஸ் பிள்ளையைக் கீழே இறக்கவே இல்லை.